ஒண்ணரைப் பேர்

றஹீமின் வண்டி வண்டிப்பேட்டையை விட்டு வெளியே வந்தபோது நுகத்தடியில் ஒரு மாடுதான் இருந்தது. மறுபக்கத்தில், இன்னொரு மாடு நிற்க வேண்டிய இடத்தில், றஹீம் தன் தோளைக் கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தான். வெலிமடையிலிருந்து மரக்கறி ஏற்றி வருகிறவன், வாய் ஓயாதவன், பதுளைக் கடைவீதியில் படுத்திருக்கும் நாயைக்கூட நலம் விசாரிக்காமல் தாண்டமாட்டான். வீரய்யா தன் வண்டியை ஓரங்கட்டி, "என்ன றஹீமு, மத்த மாடு எங்க?" என்று கேட்டதற்கு அவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. மூக்கு நுனியில் மழைத்தண்ணீர் சொட்டச் சொட்டப் போனவன், நாலடி தாண்டின பிறகு, "தகட்டப் பாத்து வாங்கு" என்று மட்டும் சொன்னான்.

அந்தத் தகட்டைத் திட்டாத வண்டிக்காரன் ஊவாவில் எவன் இருந்தான்? முன்பெல்லாம் டவுனுக்கு வந்தால் மரத்தடியில் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு அவனவன் வேலையைப் பார்ப்பான். இரண்டு மாதத்துக்கு முன்னால் குத்தகைக்காரர் என்று ஒருவர் வந்தார். பேட்டையைச் சுற்றி வேலி போட்டார். வாசலில் சீமையிலிருந்து வந்த ஓர் இரும்புப் பெட்டியை நட்டார். ஆள் உயரம், காசு போட ஒரு வாய், தகடு விழ ஒரு வாய், விலாவில் ஒரு கைப்பிடி, நெற்றியில் ஒரு கடிகாரம். மாடு எத்தனை, ஆள் எத்தனை என்று காவல்காரன் கைப்பிடியை இழுத்தால், தலைக்கு ஓர் ஓட்டை குத்திய தகரத் தகடு கீழே விழும். திரும்பும்போது அதே தகட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, ஒவ்வொருவராக முன்னால் கிடக்கும் இரும்புப் பலகையில் ஏறி இறங்கவேண்டும். ஏறினால் தலைக்கு ஒரு மணி அடிக்கும். எல்லாத் தலையும் சரியாக இருந்தால் குறுக்குக் கட்டை தூக்கும்.

சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது! பாழாய்ப் போன பெட்டி பாதி நாள் காசை விழுங்கிவிட்டுத் தகட்டைத் தராது. அரைமணி நின்றவனுக்கு மூன்று மணிநேரக் காசு கேட்கும். மழை நாளில் இன்னும் மோசம். நியாயம் கேட்டால், "மிஷின் சொல்லுது, நான் என்ன பண்ண?" என்று பல்லைக் குத்துவான் காவல்காரன் சின்னராசா. வீதியோரம் நிறுத்தலாம் என்றால் அபராதம். வேறு வழியில்லாமல் அன்றைக்கும் வீரய்யா வாசலில் போய் நின்றான். பின்னால் ஆறேழு வண்டி நின்றது.

"மாடு ரெண்டு. ஆளு எத்தன பேரு?" என்றான் சின்னராசா.

வண்டிக்குள் சாக்கைப் போர்த்திக்கொண்டு பூவம்மா உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயது. போன வருஷக் காய்ச்சலில் தாய்க்காரி ராசம்மா போன பிறகு வீரய்யாவுக்கு உலகத்தில் மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான். டவுன் பார்க்கவேண்டும் என்று மூன்று மாதமாக அரித்தெடுத்து இன்றைக்குத்தான் வந்திருந்தாள். அம்மாவின் வெண்கலத் தண்டைகள் அவள் காலுக்குப் பெரிது என்று நூல் சுற்றிப் போட்டுவிட்டிருந்தான். வண்டி ஆடும்போதெல்லாம் இரண்டும் மாறி மாறிச் சலங் சலங் என்றன.

"நானும் எம் புள்ளையும்."

"அப்ப ரெண்டு பேரு. நாலு சதம் எடுங்க."

"சின்னப் புள்ளைக்குமாய்யா முழுக் காசு?"

"தலைன்னா தலைதான். சின்னத் தலை பெரிய தலைன்னு மிஷினுக்குத் தெரியுமா?"

வீரய்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நமுனுகுல மலையடித் தோட்டத்தில் பெரியவர்களுக்கு ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், முழுச் சம்பளம். பிள்ளைகள் பொழுது முழுக்கக் கொழுந்து பறித்தாலும் செக்ரோல் என்ற ஆள்கணக்குப் புத்தகத்தில் கங்காணி போடுவது அரைப்பேர். ஏழு வயதிலிருந்து பூவம்மா விரல் வெடிக்க வெடிக்கப் பறித்ததெல்லாம் அரை, அரை, அரை என்றுதான் விழுந்திருக்கிறது. அந்தக் கோபமெல்லாம் சேர்ந்து இங்கே வந்து விடிந்தது.

"தோட்டத்துல இவளுக்கு அரைப்பேருதான் போடுறாங்க. குடுக்கும்போது அரை, புடுங்கும்போது மட்டும் முழுசா? நாங்க ஒண்ணரைப் பேருதான். ஒண்ணரைன்னே போடு!"

பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் கையைத் தட்டிச் சிரித்தார்கள். "விடாதீங்கண்ணே!" என்று ஒருவன் கத்தினான். சின்னராசாவுக்கு முகம் சிறுத்துவிட்டது. "சரி, ஒண்ணரைன்னே வச்சுக்க" என்று கறுவிக்கொண்டே கைப்பிடியை ஒரு தடவை முழுக்க இழுத்தான், இரண்டாம் தடவை பாதியில் விட்டான். பெட்டிக்குள் எதுவோ நெறுநெறுத்தது, பல்லிடுக்கில் கல் அகப்பட்டதுபோல. தகடு விழுந்தது. மேலே மாட்டுக்கு இரண்டு ஓட்டை. கீழே வட்டமாக ஒன்று, அதன் பக்கத்தில் பிறைபோல அரை ஓட்டை ஒன்று.

அரைச் சதம் மிச்சம். அதைவிட, ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பு. வண்டியைப் பேட்டையின் கடைசிக் கோடியில் நிறுத்தி, "அசையாம இரு தாயி, அரிசி எடுத்துக்கிட்டு ஓடியாந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு வீரய்யா மீசையைத் தடவிக்கொண்டே போனான்.

கார்த்திகை மாதம். நாலு மணிக்கே விளக்கு வைக்கலாம்போல இருண்டு, மலைப்பக்கமிருந்து பனிப்புகார் இறங்கி, கடைவீதியின் கருவாட்டு வாடையும் சாணி வாடையும் நனைந்த சாக்கு வாடையும் ஒன்றாகக் கனத்துக் கிடந்தது. அரிசிக் கடையில் கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது. மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு அவன் திரும்பியபோது, பேட்டையில் அத்தனை வண்டிகள் நின்றும் ஒரு பேச்சுக் குரல் இல்லை. வாசலில் மட்டும் பெட்டி தன்பாட்டில் நெறுநெறுத்துக்கொண்டிருந்தது. கைப்பிடியை யாரும் தொடவில்லை. நெற்றிக் கடிகாரத்தின் பெரிய முள் கண்ணெதிரே ஒரு சுற்றுச் சுற்றி முடித்தது.

அவன் மாடுகள் இரண்டும் கட்டிய கயிறு இறுக, வண்டியிலிருந்து எட்டி எட்டி விலகி நின்றன. வீட்டு மாடுகள். பூவம்மா கையால் தின்று வளர்ந்த மாடுகள். அவை வண்டியைப் பார்த்து மூச்சுச் சீறின.

"பூவு?"

அவள் கூண்டோரமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வலப்பக்கம் மட்டும்தான் தெரிந்தது.

"அப்பா, குளிருதுப்பா."

"எங்க தாயி குளிருது?"

"இந்தப் பக்கம்."

இடக் கன்னத்தைத் தொட்டான். குளிர்ச்சி என்றால் மழையில் நனைந்த பிள்ளையின் குளிர்ச்சி இல்லை அது. ஓடைக்கு அடியில் கிடந்த கல்லைத் தொட்டதுபோல இருந்தது. விரலைக் கொஞ்சம் அழுத்தினான். அழுத்தின இடத்தில் கன்னம் தடுக்கவில்லை. விரல் உள்ளே போயிற்று. புகாருக்குள் போவதுபோல.

மூட்டை முதுகிலிருந்து விழுந்து வாய் பிரிந்தது. அரிசி சேற்றில் கொட்டியது. அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"எறங்கு. எறங்கு தாயி. போயிருவோம்."

இறங்கினாள். சலங். ஒரு தண்டைதான் கேட்டது. அடுத்த கால் மண்ணில் வைத்தாள், சத்தமே இல்லை. சலங். பிறகு ஒன்றுமில்லை. சலங். கீழே பார்த்தான். இடக்கால் இருந்தது. தண்டையும் இருந்தது. ஆனால் அதற்கு அப்பால் கிடந்த வைக்கோலும் சாணியும் அந்தக் காலின் ஊடாகத் தெரிந்தன.

"அப்..." என்றாள் பூவம்மா. வாய் முழுதாகத் திறந்துதான் சொன்னாள். மிச்சம் வரவில்லை. "அப்... குளி..."

ஐயோ, என் வாய்! என் பாழும் வாய்! வீரய்யா வாயில் அடித்துக்கொண்டான். அவளை வாரித் தூக்கினான். பாதிக் கனம்தான் இருந்தாள். வாசலுக்கு ஓடினான்.

"யோவ் சின்னராசா! தகட்ட மாத்து! முழுப்பேரு போடு!"

சின்னராசா பிள்ளையைப் பார்த்தான். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். பல்குச்சி கையிலிருந்து விழுந்தது.

"போட்டது போட்டதுதான். மிஷின் திருப்பி எடுக்காது."

"காசு தர்றேன்! எவ்வளவு வேணும்?"

மடியிலிருந்த சில்லறையைப் பெட்டியின் வாயில் திணித்தான். விழுங்கியது. கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினான், அசையவில்லை. மீண்டும் காசு. மீண்டும் விழுங்கியது. உதைத்தான். குதிகால் கிழிந்து ரத்தம் வந்தது. கடிகார முள் சுற்றிக்கொண்டே இருந்தது, முன்னைவிட வேகமாக.

"றஹீமும் இப்படித்தான் ஒதைச்சாரு" என்றான் சின்னராசா, தரையைப் பார்த்தபடி. "ரெண்டு மாட்டோட வந்தாரு. தகட்டுல ஒரு ஓட்டதான் விழுந்துச்சு. ஒரு மாட்டுக் காசு லாபம்னு அவர் வாயாலயே சொல்லிச் சிரிச்சுக்கிட்டுப் போனாரு. நான் அப்ப என்னத்தக் கண்டேன்?"

"எம் புள்ளைய்யா இது!"

"நீங்களும் உங்க வாயாலதான் சொன்னீங்க. ஒண்ணரை உள்ள வந்துச்சு, ஒண்ணரைதான் வெளிய போகும்." சின்னராசாவின் குரல் இறங்கியது. "ஆனா யாரு முழுசு, யாரு அரைன்னு மிஷினுக்குத் தெரியாது. முதல்ல பலகையில ஏறுறவங்களுக்கு முதல் ஓட்டை. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிறாதீங்க."

வீரய்யாவுக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. புரிந்ததும் மாட்டைக்கூட நினைக்கவில்லை. தகட்டைப் பெட்டிக்குள் போட்டான். பூவம்மாவைப் பலகைக்கு முன்னால் இறக்கிவிட்டான். இடப்பக்கத் தலைமுடி ஏற்கெனவே புகாராகப் பறந்துகொண்டிருந்தது.

"நீ முன்னால போ தாயி. போ. திரும்பிப் பாக்காத."

ஏறினாள்.

மணி அடித்தது. கணீரென்று, முழுதாக.

அப்பால் இறங்கினாள். சலங். சலங். இரண்டு தண்டையும். "அப்பா!" என்று கத்தினாள், முழு வார்த்தை. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவன் அழுதேவிட்டான். அழுதுகொண்டே பலகையில் காலை வைத்தான்.

மணி 'டி' என்றது. மிச்சத்தை யாரோ கையால் பொத்திக்கொண்டதுபோல நின்றது. இடத்தோளிலிருந்து குதிகால்வரை ஓடைக்கல்லின் குளிர் இறங்கிற்று.

சின்னராசா மாட்டைப் பூட்டி வண்டியைப் பின்னால் ஓட்டிவந்து விட்டான். தோட்டம் போய்ச் சேரும்வரை அவன் பேசவில்லை. பேசிப் பார்த்தான், வரவில்லை. பூவம்மா அவனுக்கு வலப்பக்கம் ஒட்டிக்கொண்டு தூங்கினாள். அவள் மூச்சு முழங்கையில் சூடாகப் பட்டது. அது போதும் என்று இருந்தது அவனுக்கு. பாதி உடம்போடு எத்தனையோ பேர் பிழைக்கவில்லையா? பிள்ளை முழுசாக இருக்கிறாள். அது போதும்.

விடியற்காலைப் பெரட்டு, ஆள் கணக்கெடுக்கும் நேரம். களத்தில் புகார் இன்னும் கலையவில்லை. கொழுந்துக்கூடைகளோடு ஆட்கள் வரிசையாக நின்றார்கள். கங்காணி வீரசிங்கம் அரிக்கன் லாம்பை ஒரு கையிலும் செக்ரோலை மறு கையிலும் வைத்துக்கொண்டு பேர் கூப்பிட்டார்.

"வீரய்யா!"

"வந்தி..." என்றான் வீரய்யா.

கங்காணி லாம்பைத் தூக்கினார். பின்னாலிருந்த லயத்து வீட்டுச் சுவரில் எல்லாருடைய நிழலும் வரிசையாக விழுந்தது. வீரய்யாவின் இடத்தில் ஒரு கை, ஒரு கால், பாதித் தலை. பக்கத்தில் நின்ற இராக்கம்மா கூடையைப் போட்டுவிட்டு விலகினாள். வரிசை முழுக்க விலகியது. கங்காணி லாம்பைத் தாழ்த்தினார், பார்க்காததுபோல எழுதினார், அவசரமாக அடுத்த பேருக்குப் போனார்.

"பூவம்மா!"

"வந்திருக்கேன் சாமி."

"வழக்கம்போலதானே வீரய்யா? என்ன போட?"

இத்தனை நாளில் ஒரு தடவைகூட அப்படிக் கேட்காத கங்காணி, பயத்தில் என்ன பேசுவதென்று தெரியாமல் அன்றைக்குக் கேட்டார். வீரய்யா ஓரடி முன்னால் வந்தான். 'அரை வேணாங்க சாமி, முழுசாப் போடுங்க' என்று அலறினான். நாக்கு, பல், நெஞ்சு, எல்லாவற்றையும் சேர்த்து முழு வாயையும் திறந்து அலறினான்.

"அரை..." என்றது அவன் வாய்.

கங்காணி தலையாட்டினார். எழுதினார்.

பூவம்மா கூடையை மாட்டிக்கொண்டு மலையேறும் வரிசையில் சேர்ந்தாள். புகார் அவளை மூடிற்று. சத்தம் மட்டும் இறங்கி வந்தது.

சலங்.

வீரய்யா மூச்சை அடக்கிக்கொண்டு அடுத்த காலுக்குக் காத்து நின்றான். அது கேட்கவில்லை.

சலங்.

ஒரு கால்தான்.