நீருக்கடியில் ஒரு தட்டல்

எஞ்சினை நிறுத்திய பிறகும் ஒரு சத்தம் நிற்கவில்லை.

ஸெய்னுதீன் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தான். திரையில் அவனுடைய நீர்மூழ்கிக் கப்பல் அடியாழத்தில் மூச்சடக்கிக் கிடந்தது. எண்ணெய்க் கப்பல் ஒன்றை அப்போதுதான் டோர்பிடோ விட்டுப் பிளந்திருந்தான். மேலே இரண்டு காவல் கப்பல்கள் அவனைத் தேடிச் சுற்றிச் சுற்றி வந்தன. அடித்துவிட்டுப் பிழைக்க வேண்டுமென்றால் இந்த விளையாட்டில் ஒரே வழி, ஒரு விசிறிகூடச் சுழலாமல் கிடப்பதுதான். அப்படியிருக்க இடது காதுக்குள் மரத்தை யாரோ மெல்லத் தட்டியதுபோல் கேட்டது. இரும்புக் கப்பலில் மரச்சத்தம் ஏது? கள்ள சீடியின் லட்சணம் இவ்வளவுதான் என்று விற்றவனைத் திட்டினான்.

பின்னேரமே ஊரடங்கு போட்டிருந்தார்கள். திருகோணமலைக் கடைத்தெருவில் அவனுடைய கம்ப்யூட்டர் கடைக்கு அன்றைக்கு ஓர் ஆளும் வரவில்லை. ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு, அடைமழையின் இரைச்சலும் ஈரக் கருவாட்டு வாடையும் உள்ளே அடைந்து கிடக்க, அவன் கப்பல் கப்பலாக மூழ்கடித்துக்கொண்டிருந்தான். இடையிடையே துறைமுகத்துக்குள் நிஜ வெடி விழுந்தது. தண்ணீருக்கடியால் யாரும் நீந்தி வந்துவிடக்கூடாதென்று கடற்படைக் காவல் படகுகளிலிருந்து போடுகிற வெடி. காதுக்கு வருமுன் காலுக்கு வரும். தரை ஒருமுறை உதறி அடங்கும். விளையாட்டு வெடி எது, ஊர் வெடி எது என்று சில நேரம் அவனுக்கே பிரிபடுவதில்லை.

அப்படி ஒரு வெடிக்குத்தான் போன மாதம் அவனுடைய தம்பி மஹ்ரூப் பலியானான். கிண்ணியாவிலிருந்து வலைக்குப் போனவனை நீரோட்டம் மீன்பிடிக்க விட்ட எல்லைக்கப்பால் இழுத்துவிட்டதாம். தோணி கரைக்கு வந்தது, ஆள் வரவில்லை. கடற்படை முகாம், பொலிஸ் என்று ஸெய்னுதீன் ஏறாத படியில்லை. அவன் சொன்னதெல்லாம் கடலில் கரைத்த பெருங்காயம். “மீன்பிடிக்கிறவனுக்கு நீந்தத் தெரியாதா?” என்று முகாமில் ஒருவன் சிரித்துக்கொண்டே கேட்டான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பெல்லாம் எரிகிறது. ஸெய்னுதீன் கேட்டது கபுறில் அடக்கத் தம்பியின் மையித்து, உயிரற்ற உடம்பு, அவ்வளவுதான். அதைக்கூடக் கொடுக்காத கடலில் மிதக்கிற எதையும் விட்டுவைக்க அவனுக்கு மனமில்லை.

“இஞ்சாருங்க, சாப்பிட வாங்க,” என்று கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக் குசினிக்குள்ளிருந்து அவன் மனைவி ஸல்ஹா கூப்பிட்டாள். “எத்தின கப்பலத் தாட்டாலும் மஹ்ரூப் வரப்போறாரா?”

“நீ சாப்பிடு.”

“இந்தக் கோவம் உங்களத்தான் தின்னுது.”

“அதுவும் இல்லாட்டி எனக்கு வேற என்ன மிச்சம்?”

ஹெட்போனுக்குள் மறுபடி கேட்டது.

டொக். டொக்.

கடை போடுமுன் ஸெய்னுதீனும் கடலுக்குப் போனவன்தான். வலையின் ஒரு முனையில் அவன் தோணி, மறுமுனையில் தம்பி தோணி. பனிப்புகார் இறங்கினால் ஆளையாள் தெரியாது, காற்று குரலைக் கொண்டுபோய்விடும். ஆனால் தண்ணீர் தட்டலைக் கொண்டுவந்து சேர்க்கும். துடுப்புப் பிடியால் தோணியின் பக்கப்பலகையில் இரண்டு தட்டினால், இருக்கிறாயா என்று அர்த்தம். பதிலுக்கு ஒன்று தட்டினால், இருக்கிறேன், இழு. அது அண்ணனுக்கும் தம்பிக்கும் மட்டும் தெரிந்த பாஷை.

டொக். டொக்.

சத்தம் போட்டால் இடம் தெரிந்துவிடும் என்பது இவ்வளவு நேரமும் விளையாடியவனுக்குத் தெரியாததல்ல. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. இத்தனை நாளும் எங்கேயடா கிடந்தாய் என்ற கோபத்தில், தோணிக்காரனின் பழைய கை முந்திக்கொண்டது. மேசையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினான்.

காவல் கப்பல்களின் சத்தம் நின்றது. துறைமுக வெடியும் நின்றது.

பிறகு வலது காதில் இரண்டு தட்டல். பின்பக்கம் இரண்டு. தூரத்தில் இரண்டு, இன்னும் தூரத்தில் இரண்டு. ஒருவரல்ல. யாரும் பதில் சொல்லாமல் விட்ட எத்தனையோ பேர்.

ஹெட்போனைக் கழற்றி எறிந்தான். தட்டல் நிற்கவில்லை. தரைக்குள்ளிருந்து வந்தது. நகர்ந்தது.

“ஆர் தட்டுறது?” ஸல்ஹா குசினி வாசலுக்கு வந்தாள்.

“கதிரையில ஏறு. கால கீழ வைக்காத. பேசாத.”

குசினிக்கடியில் தட்டியது. மேசைக்கடியில் தட்டியது. வாசலுக்குப் போனது. அங்கே நின்றது.

ஷட்டரின் கீழால் தண்ணீர் கசிந்தது. மழைத் தண்ணீரல்ல, உப்பு நாறியது. பிறகு பூட்டுத் தெறித்தது. விரல்கள் நுழைந்தன. ஒரு சுவரிலிருந்து மறுசுவர் வரை விரல்கள். ஊறி வெளுத்தவை. நகம் கழன்றவை. மோதிரம் சதைக்குள் புதைந்தவை. ஒரு சோடி, சின்னப்பிள்ளையுடையது. எதிலும் அவசரமில்லை. கரைவலை இழுக்கிறவர்களைப்போல எல்லாம் ஒன்றாகப் பிடித்து ஒன்றாகத் தூக்கின.

ஸெய்னுதீன் அந்தத் தண்ணீரில் முழங்காலிட்டு ஒவ்வொரு கையாகத் தேடினான். மஹ்ரூபின் வலது சுண்டுவிரல் சிறுவயதில் நங்கூரக் கயிற்றில் சிக்கிப் பாதியோடு போனது. ஆயிரம் கைக்குள்ளும் அவன் அதைக் கண்டுபிடிப்பான். இடமிருந்து வலம் பார்த்தான். திரும்பவும் பார்த்தான்.

அந்தக் கை அங்கே இல்லை. ஷட்டர் ஒரு சாண் உயர்ந்தது.