இடது பக்க ஃபுட்ரெஸ்ட்

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி இருக்கும். மழை பிடிக்கப் போகிற நேரத்தில் பிரியந்தன் பைக்கைத் தள்ளிக்கொண்டு என் கராஜுக்கு வந்தான். எல்கடுவ றோட்டு ஆரம்பிக்கிற இடத்தில்தான் என் கராஜ். அவன் வீட்டிலிருந்து முழுக்க இறக்கம், தள்ளவே தேவையில்லை. அப்படியிருந்தும் அவன் சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

பிரியந்தன் யாரென்று சொல்லிவிடுகிறேன். என் ஒரே மகள் டிலுக்ஷியைக் கட்டப்போகிறவன். மாதா கோயிலில் இரண்டு கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. மறுநாள் ஞாயிறு பூசையில் மூன்றாவது ஓலை. இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று சுவாமி வாசிக்கும்போது, இரண்டு கிழமையும் நான் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன். பையன் சொக்கத் தங்கம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவனே இந்த நோபர்ட்தான்.

"ஒரு பன்னி குறுக்க பாஞ்சிருச்சி மாமா," என்றான். "பெரிசா ஒன்னுமில்ல. ஒருக்கா செக் பண்ணிப் பாருங்க. நாளைக்குப் பூசை முடிஞ்சதும் டிலுக்ஷிய தம்புள்ளைக்கு, அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"எங்க வச்சு தம்பி?"

"மேல, எல்கடுவ பக்கம். வியாழக்கிழமை அந்தி. ஒரே பனி மாமா. ஒன்னும் தெரியல."

என் மகள் ஏறப்போகிற பைக். மற்றவர்களுக்கு அரை மணி நேரத்தில் முடிக்கிற வேலையை இதற்கு ஆறுதலாகவே செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். முப்பது வருஷமாக அடிபட்ட பைக்குகளைப் பார்க்கிறேன். கொண்டுவருகிற எல்லோரிடமும் ஒரு கதை இருக்கும். நான் கதையைக் காதில் வாங்கிக்கொண்டு கண்ணை இரும்பில் வைத்திருப்பேன்.

பன்றி என்றால் அடி கீழே விழும். முன் மட்கார்ட் நசுங்கும், ஃபோர்க்கின் அடியில் சேறும் மயிரும் அப்பியிருக்கும். இங்கே மட்கார்டில் ஒரு கீறல் கூட இல்லை. இடது பக்கக் கண்ணாடி நொறுங்கியிருந்தது. கிளட்ச் லீவர் உள்ளே மடங்கியிருந்தது. எல்லாம் என் இடுப்பிலிருந்து நெஞ்சு வரைக்குமான உயரத்தில்.

எல்கடுவயில் பன்றிகள் எழும்பி நின்று நடக்கின்றனவா என்ன?

கிளட்ச் லீவரின் நுனியில் பச்சை நைலோன் நூல் இரண்டு மூன்று சிக்கியிருந்தது. அதை இழுத்து எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டேன். பிரியந்தன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பைக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

பிறகு பைக்கை மெயின் ஸ்டாண்டில் போடப் பார்த்தேன். ஸ்டாண்டைக் காலால் மிதித்து, பின்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினேன். அசையவில்லை. மறுபடியும் தம் பிடித்துத் தூக்கினேன். பின்சீட்டில் ஒரு ஆள் இறங்காமல் உட்கார்ந்திருக்கும்போது ஸ்டாண்டில் போட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாரம் தெரியும்.

அதே பாரம்.

வயசு போகிறது நோபர்ட் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பைக்கின் அடியில் கட்டை கொடுத்து நிறுத்தினேன். நூல் பிடித்தேன். அடிபட்ட பைக்கின் பின் டயரிலிருந்து முன் டயர் வரை இரண்டு பக்கமும் நூலை இழுத்துப் பிடித்தால், வளைவு எங்கே இருந்தாலும் தெரிந்துவிடும். நூல் நேராக நின்றது. சேஸ் நேர், ஃபோர்க் நேர், றிம்மில் ஆட்டம் இல்லை. ஆனால் கட்டையை எடுத்ததும் பின்பக்கம் நாலு விரல் அளவுக்கு இறங்கி, கொஞ்சம் இடது பக்கமாகச் சரிந்தது. ஷொக் இரண்டையும் கழற்றி, நிலத்தில் வைத்து அமுக்கிப் பார்த்தேன். புதுசு போலத் துள்ளின. திரும்பப் பூட்டிவிட்டுக் கட்டையை எடுத்தேன்.

கிறீச்.

யாரோ அலுப்போடு ஏறி உட்கார்வது போல, பின்பக்கம் மெதுவாக இறங்கியது.

அப்போதுதான் ஃபுட்ரெஸ்டைக் கவனித்தேன். பின்னால் இருக்கிறவர் கால் வைக்கிற ஃபுட்ரெஸ்டில் வலது பக்கம் மடித்தபடி இருந்தது. இடது பக்கம் விரிந்திருந்தது. மடித்தேன். ஸ்பனரை எடுக்கத் திரும்பினேன்.

டக்.

விரிந்திருந்தது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று இறுக்கி, மறுபடியும் மடித்துவிட்டு இந்த முறை பார்த்துக்கொண்டே நின்றேன். காற்றுக்கூட இல்லை. என் கண் முன்னாலேயே அது மெதுவாகக் கீழே வந்தது.

சேலை கட்டின பெண்கள் பைக்கில் ஒரு பக்கமாகத்தான் உட்காருவார்கள். இரண்டு காலும் இடது பக்கம். சீட்டைத் தடவினேன். மழை இன்னும் பிடிக்கவில்லை. சீட் முழுக்கக் காய்ந்திருக்க, இடது ஓரத்தில் மட்டும் ஈரம் சில்லென்று கையில் பட்டது.

உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்குப் பயத்தை விடக் கோபம்தான் வந்தது. பெண் பிள்ளையைப் பெற்றவனின் புத்தி வேறு எங்கே போகும்? இவன் எவளையோ ஏற்றிக்கொண்டு திரிகிறான், நாள் முழுக்கத் திரிந்துதான் பின்பக்கம் இப்படி உட்கார்ந்துவிட்டது என்று என் கண்ணை நம்பாமல் என் சந்தேகத்தை நம்பினேன்.

"பின்னுக்கு யார ஏத்திக்கிட்டுத் திரியிறீங்க தம்பி?" என்று சிரிப்பது போலக் கேட்டேன்.

அவன் முகத்தில் இரத்தம் இல்லாமல் போனது. "யாரையும் இல்ல மாமா! நான் தனியாத்தான் வந்தேன். வழி நெடுக திரும்பிக்கூடப் பாக்கல."

திரும்பிப் பார்த்தாயா என்று நான் கேட்கவேயில்லையே.

குனிந்து சீட்டை மோந்து பார்த்தேன். ஒரு பெண் பூசுகிற பவுடர் வாசத்தை எதிர்பார்த்துத்தான் குனிந்தேன். வந்தது பச்சைத் தேயிலைக் கொழுந்து வாசம். ஈரச் சாக்கு, வெற்றிலை, நாள் முழுக்க மழையில் நின்ற உடம்பின் வாசம். நான் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். வேலை விட்டு வருகிற என் அம்மாவின் மேல் தினமும் இருந்த வாசம் அது. சட்டைப் பைக்குள் கிடந்த பச்சை நூல் என்னவென்று அப்போது தெரிந்துவிட்டது. கொழுந்து பறிக்கிற பெண்கள் சேலை நனையாமல் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற படங்கின் நூல்.

கராஜுக்குப் பின்னால் போய் மாடசாமிக்குப் போன் எடுத்தேன். என்னோடு படித்தவன். எல்கடுவயில் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வேலை செய்கிறான்.

"வியாழக்கிழமை அந்தி அங்க ஏதும் நடந்திச்சா மாடசாமி?"

"ஒனக்குத் தெரியாதா? நம்ம கீழ் லயத்து சவரியம்மா போயிட்டாங்கப்பா. காலையிலதான் அடக்கம் பண்ணினோம். றோட்டோரத்துத் தண்ணிக் கான்ல கெடந்தாங்க. சறுக்கி விழுந்துட்டாங்கன்னு சொல்றாங்க."

"யாரும் கூட இல்லையா?"

"நாங்க போறப்ப உசிரு இருந்திச்சி. லயத்துக்குத் தூக்கப் பாத்தோம். வேணாம், வேணாம்னு கையத் தட்டி விட்டாங்க. தம்பி ஏறச் சொல்லியிருக்காரு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாரு, நான் ஏறணும்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அப்பிடியே அடங்கிட்டாங்க. எந்தத் தம்பின்னு யாருக்குத் தெரியும்?"

தகரக் கூரையில் மழை பிடித்தது. நான் உள்ளே வந்து அந்தப் பச்சை நூலைப் பிரியந்தனின் உள்ளங்கையில் வைத்தேன்.

"அவங்க பேரு சவரியம்மா," என்றேன். "நீ அவங்களுக்கு என்ன சொன்ன?"

அதுவரைக்கும் அவனுக்கு 'நீங்க' தான். அந்தச் சொல் மாறியதிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது. பெஞ்சிலிருந்து அப்படியே சரிந்து நிலத்தில் உட்கார்ந்தான்.

"சாகுற மாதிரி இல்ல மாமா. சத்தியமா. எழும்பி உட்காந்துட்டாங்க. ஏறுங்கம்மா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு சொன்னேன். கைய நீட்டினாங்க. அந்த நேரம் கீழ ஒரு வேன் சத்தம் கேட்டிச்சி. பயந்துட்டேன். அப்பிடியே ஸ்டார்ட் பண்ணி..."

"ஏறுங்கன்னு சொன்ன."

"சொன்னேன்."

நான் பைக்கைப் பார்த்தேன். அவன் பார்க்கவில்லை.

"அவங்க ஏறிட்டாங்கப்பா," என்றேன்.

டிலுக்ஷி அந்த சீட்டில் உட்கார இன்னும் ஒரு இரவுதான் இருந்தது. அதை விட, பாதி உயிரோடு கிடந்த ஒரு தாயை விட்டுவிட்டு ஓடி வந்தவனுக்கு, மூன்றாம் நாளே என் மகளை ஏற்றிக்கொண்டு போக மனம் வந்ததே.

"நீ பொலிசுக்குப் போ. இப்பவே போ, நடந்தே போ. நான் இவங்கள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன்."

அவன் போனான். உண்மையாகவே பொலிசில் போய் நின்றான் என்று பிறகு தெரிந்தது. அந்த ஒன்றுக்காக அவனை நான் முழுக்க வெறுக்கவில்லை.

மடங்கிய லீவரை நிமிர்த்திவிட்டு ஹெல்மட்டைப் போட்டேன். பின்னால் இருக்கிறவருக்கும் ஒரு ஹெல்மட் கொடுக்க வேண்டுமா என்று ஒரு கணம் யோசித்தேன். சிரிக்காதீர்கள். என் இடத்தில் இருந்தால் நீங்களும் யோசித்திருப்பீர்கள். டவுன் வரைக்கும் பைக்கைப் பதினைந்து, இருபதிலேயே ஓட்டினேன். ஒவ்வொரு வளைவிலும் பைக் எனக்கு எதிர்ப்பக்கமாக இழுத்தது. பைக்கில் ஏறிப் பழக்கமில்லாதவர்கள் அப்படித்தான் பயந்து மற்றப் பக்கம் சாய்வார்கள்.

பாலத்துக்குக் கிட்ட வரும்போது என் வலது தோளில் ஏதோ மெதுவாகப் பட்டது.

பிடித்துக்கொண்டது.

விரல் நுனிகள் சொரசொரப்பாக இருந்தன. நான் திரும்பவில்லை. அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினேன், அடுத்த வரி நினைவுக்கு வரவில்லை.

ஆஸ்பத்திரி கேட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். மழையில் குடை பிடித்துக்கொண்டு ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். இன்னும் வெளிச்சம் இருந்தது. என்ஜினை நிறுத்திவிட்டு, வாய்க்குள்ளேயே சொன்னேன். "வந்துட்டோம்மா. ஆஸ்பத்திரிதான். எறங்குங்க."

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தோளிலிருந்த கை எடுபட்டது. கிறீச் என்று பைக்கின் பின்பக்கம் மேலே எழும்பியது. முப்பது வருஷத்தில் எந்த பைக்கைத் திருத்திக் கொடுத்தபோதும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி வந்ததில்லை. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

கிளம்பும்போது, சொல்லாமல் போகக் கூடாதே என்று ஒரு வார்த்தை சொன்னேன். நம் ஆட்கள் யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை. அதுவும் ஆஸ்பத்திரி வாசலில் சொல்லவே மாட்டோம். பழகின வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

"சரிம்மா. நான் போயிட்டு வாறேன்."

கராஜுக்கு வந்து பைக்கை மெயின் ஸ்டாண்டில் போட்டேன். ஒற்றைக் கையால் முடிந்தது. இரவு பொலிஸ் வந்து அதை எடுத்துக்கொண்டு போனது. நான் சுவாமியிடம் போய்ச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. டிலுக்ஷி அழுது முடித்து, "நல்ல வேளை அப்பா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். சேலையெல்லாம் எடுத்து வைத்திருந்த என் மனைவி ஜெசிந்தாவுக்குத்தான் ஆறவில்லை. பேயைப் பற்றி நான் வீட்டில் யாருக்கும் வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை அந்தி ஐந்தரை மணி. நான் வாசலில் செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா அடுப்படியில். டவுனில் துணிக்கடையில் வேலை முடிந்து டிலுக்ஷியின் ஸ்கூட்டர் ஏற்றத்தில் வருகிற சத்தம் கேட்டது. அந்த ஸ்கூட்டரின் சத்தம் எனக்கு மனப்பாடம். இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வருகிற சத்தமாக இருந்தது.

தனியாகத்தான் வந்து இறங்கினாள்.

"அப்பா, ஆஸ்பத்திரி கேட்டுக்கிட்ட ஒரு அம்மா கைய காட்டினாங்க," என்றாள் ஹெல்மட்டைக் கழற்றிக்கொண்டே. "தோட்டத்து அம்மா மாதிரி. ஒங்கப்பா வாறேன்னு சொல்லிட்டுப் போனாரு, இன்னும் காணலியேன்னாங்க. பாவமா இருந்திச்சி. ஏறுங்கம்மான்னு சொன்னேன். இங்க வந்து பாத்தா ஆளில்ல. எங்க எறங்கினாங்கன்னே தெரியல."

என் கண் ஸ்கூட்டரின் பின்பக்கத்துக்குப் போனது.

நாலு விரல் அளவு இறங்கியிருந்தது. இடது பக்க ஃபுட்ரெஸ்ட் விரிந்திருந்தது.

டிலுக்ஷியை என் பக்கம் இழுத்தேன். அந்த அம்மாவிடம் போங்க என்று எப்படிச் சொல்வது?

அதற்குள் பேச்சுக் குரல் கேட்டு அடுப்படியிலிருந்து ஜெசிந்தா, கையைத் துடைத்துக்கொண்டே, எட்டிக்கூடப் பார்க்காமல் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள்.

"யாரு வந்திருக்கிறது? ஏன் வாசல்லயே நிக்கிறீங்க? எறங்கி உள்ள வாங்க."

கிறீச்.

ஸ்கூட்டரின் பின்பக்கம் மெதுவாக மேலே எழும்பியது.