டிக்கெட் ஜன்னலைத் தட்டியவள்

1968, ஆடி மாதம். தருமபுரிக்குக் கிழக்கே மூடிக்கிடந்த அந்தச் சின்ன ரயில் நிலையத்துக்கு, மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தார் தச்சர் கவுஸ் பாஷா. கட்டடம் ஏலத்தில் போயிருந்தது. தேக்குக் கதவுகளைச் சேதமில்லாமல் கழற்றித் தர வேண்டும். அதுதான் அவருக்கு வேலை.

பக்கத்துக் கரட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த செல்லி அவரைப் பார்த்து இறங்கி வந்தாள்.

“பாய், எதை வேணா கழட்டுங்க. அந்த டிக்கெட் ஜன்னல மட்டும் தெறக்காதீங்க.”

“ஏம்மா?”

“ஜெர்மன் சண்டைக் காலத்துல வண்டிய நிறுத்திட்டாங்க. அது தெரியாம சித்தேரி மலையிலருந்து ஒரு பொம்பள வந்தா. கைக்கொழந்தைக்குக் காய்ச்சல். சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போவணும்னு அந்த ஜன்னலத் தட்டிக்கிட்டே இருந்தா. வண்டி வராதுன்னு எத்தனையோ சொன்னோம். நம்பலீங்க. மூணாம் நாளு ரெண்டு உசுரும் அங்கியே போயிடுச்சு.”

கவுஸ் பாஷா தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

வௌவால் நாற்றம். உடைந்த ஓடுகளின் வழியே வெயில் துண்டு துண்டாக விழுந்திருந்தது. மூன்றாவது கதவைக் கழற்றும்போதுதான் கவனித்தார். வெளியே ஆடிக்காற்று நின்றுபோயிருந்தது. ஆடுகளின் சத்தமும் இல்லை.

டொக்.

அவர் உளியை நிறுத்தினார்.

டொக். டொக்.

டிக்கெட் ஜன்னலின் பலகை அதிர்ந்தது. புளித்த தாய்ப்பால் வாடை அறைக்குள் பரவியது.

“ஐயா... ஒரு டிக்கெட்டுங்க.” காற்றைவிட மெல்லிய குரல். “கொழந்த கண்ணே தெறக்கலீங்க.”

ஓடிவிடத்தான் நினைத்தார். ஆனால் அவரும் ஒரு பிள்ளையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர்.

பலகையை மேலே தள்ளினார்.

யாரும் இல்லை. முட்புதர் மண்டிய நடைமேடை மட்டும் வெயிலில் கிடந்தது.

“வண்டி வராது தாயி.” வெறும் நடைமேடையைப் பார்த்துச் சொன்னார். “நானே பஸ்ஸுலதான் போறேன்.”

“அப்ப நீங்களே கொண்டு போங்க சாமி.”

பலகையைப் பிடித்திருந்த கைகள் தாமாகக் கீழே இறங்கி நீண்டன.

அவற்றில் ஜில்லென்று ஒரு பாரம் வந்து அமர்ந்தது.

கவுஸ் பாஷா அலறினார். உளியையும் சுத்தியலையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினார். ரோட்டில் வந்த தருமபுரி பஸ்ஸை மறித்து ஏறி, ஜன்னலோரம் விழுந்த பிறகே கைகளைப் பார்த்தார்.

வெறும் கைகள். பாரம் இல்லை. மெல்ல மூச்சு திரும்பியது.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அடுத்த இருக்கைக்கு நகரப் போனவர் நின்று, கவுஸ் பாஷாவின் மடியைக் கவலையோடு பார்த்தார்.

“கொழந்தைக்குத் தலைய மூடுங்க பாய். காத்து எப்படி அடிக்குது பாருங்க.”