அண்ணையின் பெட்டிக்கு ஒரு குரல்

“இந்தப் பெட்டியை இண்டைக்கே கொழும்புக்குக் கொண்டுபோறன்,” என்றார் இன்ஸ்பெக்டர் கனிசியஸ்.

பத்மாசினி ஓடிவந்து பெட்டிக்கு முன்னால் நின்றாள். அவளுக்குப் பத்து வயது.

அந்தக் கம்பியில்லாத் தந்திப் பெட்டியை அவளுடைய அண்ணை சண்முகநாதன் தன் கையாலேயே செய்திருந்தான். அதன் தந்திச் சாவியை விரலால் தட்டினால், ‘டிட், டா’ என்ற தந்திச் செய்தி காற்றில் ஏறி, யாழ்ப்பாணத்துப் புத்தூரிலிருந்து சிங்கப்பூர் வரைக்கும் போகும். அதற்கு அரசாங்கம் அனுமதியும் ஓர் அடையாளப் பெயரும் கொடுத்திருந்தது.

இப்போது யாரோ அதே பெயரில் கப்பல்களுக்குப் பொய்ச் செய்தி அனுப்புகிறார்களாம்.

“ஐயா, அது நானில்லை,” என்றான் சண்முகநாதன்.

“பேர் உம்மடை பேர்தானே?”

“பேரை ஆரும் சொல்லலாமே!” என்றாள் பத்மாசினி.

“பிள்ளை, நீ விலகு. பொய்ச் செய்தியைக் கிராமபோன் தட்டிலை பிடிச்சு வைச்சிருக்கிறன். நீங்களே கேளுங்கோ.”

அவர் காரிலிருந்து கிராமபோனைக் கொண்டுவந்து தட்டைச் சுற்றவிட்டார். டா டிட் டா டிட்...

பத்மாசினி காதைச் சாய்த்தாள். உடனே நிமிர்ந்தாள்.

“இது எங்கடை பெட்டியில்லை!”

கனிசியஸ் சிரித்தார். “டிட் எண்டால் டிட், டா எண்டால் டா. எந்தப் பெட்டி தட்டினாலும் ஒண்டுதான்.”

“அதெப்படி ஐயா? எல்லாத் துலாவும்தான் தண்ணி அள்ளுது. ஆனா ஒவ்வொண்டும் ஒவ்வொரு மாதிரிக் கத்தும்.”

அந்த நேரம் பார்த்துத் தோட்டப் பக்கம் ஒரு கிணற்றுத் துலா ‘கிரீச்’ என்றது.

“அம்மா, அது ஆரின்ரை துலா?” என்று கத்தினாள் பத்மாசினி.

“நாகலிங்கத்தாரின்ரை! கேட்டாத் தெரியேல்லையே?” என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

கனிசியஸின் சிரிப்பு நின்றது. “சரி, உங்கடை பெட்டி எப்படிக் கத்தும்?”

“அண்ணை, தட்டுங்கோ!”

சண்முகநாதன் சாவியை அழுத்தினான். மூலையிலிருந்த, செய்தி கேட்கும் இன்னொரு பெட்டி அந்த ஓசையைப் பிடித்துக் கொடுத்தது.

“ஒவ்வொரு டாவும் தொடங்கேக்கை முக்கி முக்கி மேலை ஏறுது, கேட்டீங்களோ? பற்றரிக்குப் பலம் காணாது. தட்டிலை இருக்கிறது நேராத் தொடங்குது. போத்திலுக்குள்ளை வண்டு மாட்டின மாதிரி இரையுது.”

“தட்டு சுத்துற வேகத்துக்கும் சத்தம் மாறும் பிள்ளை,” என்றார் கனிசியஸ்.

பத்மாசினி விடவில்லை. “அப்ப மாத்தி மாத்திச் சுத்துங்கோ.”

அவர் மெதுவாகச் சுற்றவிட்டார். சளி பிடித்த எருமையைப் போல் தட்டு முனகியது. பயத்திலும் சண்முகநாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேகமாகச் சுற்றவிட்டார். எலிக்குஞ்சு போல் கீச்சிட்டது. ஆனால் எருமையும் முக்கவில்லை, எலியும் முக்கவில்லை. இரண்டுக்குள்ளும் வண்டு இரைந்துகொண்டே இருந்தது.

“இன்னொருக்கா,” என்றாள் பத்மாசினி.

இந்த முறை கனிசியஸே கிராமபோன் குழாய்க்குள் காதை வைத்துக் கேட்டார். பிறகு அண்ணையின் பெட்டியைக் கேட்டார். மறுபடியும் தட்டைக் கேட்டார். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“இந்த இரைச்சல் மின்சாரத்திலை ஓடுற பெட்டிக்குத்தான் வரும்,” என்று மெல்லச் சொன்னார். “உங்கடை வீட்டிலை மின்சாரம் இருக்கோ?”

“புத்தூரிலையே இல்லை! இஞ்சை எல்லாருக்கும் அரிக்கன் லாம்புதான்,” என்றபடி அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

கனிசியஸ் ஒரு மிடறு குடித்தார். சண்முகநாதனைப் பார்த்தார். “தம்பி, மன்னிச்சுக்கொள்ளும். பேரைக் கேட்டனே தவிர, குரலைக் கேக்கேல்லை.”

சண்முகநாதன் சாவியிலிருந்து கையை எடுத்தான். தங்கையின் பின்னலைப் பிடித்து மெல்ல இழுத்தான்.

“அப்ப உண்மையான ஆள் ஆர்?” என்று கேட்டாள் பத்மாசினி.

“பொய்ச் செய்தி இந்தப் பக்கத்திலையிருந்துதான் வருது. யாழ்ப்பாண நகரத்திலை மின்சாரம் இருக்கிற வீடுகளிலை மூண்டு பெட்டி இருக்கு. ஒவ்வொண்டாக் கேக்கவேணும். ஆனா அதுக்கு என்ரை காது மட்டும் காணாது.” அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “கார் நிக்குது. வாறியளோ?”

பத்மாசினி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையசைத்தாள்.

“ஓம், நானும் அண்ணையும் வாறம்,” என்றாள் பத்மாசினி. “பெட்டி வராது.”