பிஸ்தா நனையக் கூடாது

பை தும்மியது.

வாடகைக்கு விடும் தன் வீட்டின் வாசலில் குடையோடு நின்றான் சியாமக். மழை குடையைச் சட்டை செய்யாமல் அவன் தோளை நனைத்துக்கொண்டிருந்தது. காரிலிருந்து இரண்டு பெட்டிகளை இறக்கிக் கொடுத்தவள், தோளில் மாட்டியிருந்த பெரிய துணிப்பையை மட்டும் தரவில்லை. இரண்டு கைகளாலும் அதை அணைத்துப் பிடித்திருந்தாள். அந்தப் பைதான் தும்மியது.

"உங்க பைக்கு ஜலதோஷம் போல," என்றான்.

"எனக்குத்தான்," என்றாள் அவள். சொன்ன கையோடு தும்மியும் காட்டினாள்... அச்சு அசல் அதே தும்மல்.

தரானேவுக்கு அது பெரிய வித்தை இல்லை. தெஹ்ரானில் கார்ட்டூன் படங்களுக்குக் குரல் கொடுப்பது அவள் தொழில். அணில், வாத்து, கொட்டாவி விடும் கரடி... எல்லாம் வரும். பொய் மட்டும் வராது. காது சிவந்துவிடும். இப்போதும் சிவந்தது.

அந்தக் காதைப் பார்த்த சியாமக், அப்படியே கண்களையும் பார்த்துவிட்டான். மழைத்துளி இமையில் தங்கியிருந்தது. அவள் இமைத்தாள், துளி விழவில்லை. என்ன கண்கள் இவை... நினைத்து முடிப்பதற்குள் பை மறுபடி தும்மியது. ஜிப்பின் ஓரத்தில் ஒரு கறுப்பு மூக்கு எட்டிப் பார்த்தது.

"கானும்..." என்றான், பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல்லால். "கதவுல ஒரு அட்டை மாட்டியிருக்கு. பார்த்தீங்களா?"

"விலங்குகளுக்கு அனுமதி இல்லை. பார்த்தேன். கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு."

"எங்க அம்மா எழுதினது."

"அவங்ககிட்ட சொல்லுங்க, சந்தோஷப்படுவாங்க."

"போன்ல நீங்க என்ன சொன்னீங்க? குடும்பத்துல ஒருத்தர் கூட வர்றார், வயசானவர், படி ஏற முடியாது, இருமல் வேற இருக்குன்னு..."

"எல்லாம் நிஜம். பதினோரு வயசாச்சு. படி ஏற மாட்டான். ராத்திரியில இருமுவான்."

"நான் உங்க அப்பான்னு நினைச்சேன். எங்க அம்மா அவருக்காக ரெண்டு தலையணை எக்ஸ்ட்ராவா போட்டிருக்காங்க."

"அவனுக்கு ஒண்ணு போதும்," என்றாள் தரானே. சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். "அதுக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? 'யார் வந்தாலும் அவங்க பாதம் எங்க கண் மேல'ன்னீங்க. இவன் பேரு பிஸ்தா, பாதம் நாலு. எடுத்து வைக்கட்டுமா?"

எங்கள் நாட்டில் இது ஒரு வியாதி. தாரோஃப் என்போம். டாக்ஸிக்காரர்கூடப் பணத்தை நீட்டினால் 'இருக்கட்டும், வேண்டாம்' என்பார். நிஜமாகவே வேண்டாம் போலிருக்கிறது என்று இறங்கிப் போனால் பின்னாலேயே ஓடி வருவார். வீட்டுக்கு வந்தவரிடம் 'இந்த வீடே உங்களுடையது' என்போம். யாரும் சாவியைக் கேட்டதில்லை. தரானே கேட்டுவிட்டாள். அது தாரோஃப் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தேதான் கேட்டாள்.

"உண்மையைச் சொன்ன இடத்துல எல்லாம் போனை வெச்சுட்டாங்க," என்றாள். இப்போது குரலில் விளையாட்டு இல்லை. "எங்க பக்கத்துக் கட்டடத்தை இடிக்கிறாங்க. அந்தச் சத்தத்துல இவன் சாப்பிடறதையே நிறுத்திட்டான். அமைதியான இடத்துக்குக் கூட்டிட்டுப் போகலைன்னா தாங்க மாட்டான்னு டாக்டர் சொல்லிட்டார். இந்த நவ்ரூஸ் புத்தாண்டுக் கூட்டத்துல நான் எங்கே போவேன்... சரி, பரவாயில்ல. பெட்டியைக் கொடுங்க."

சியாமக் பெட்டியைக் கொடுக்கவில்லை. "நான் சொன்னது சொன்னதுதான்," என்றான் மெல்ல. "ஆனா ஒண்ணு. இவர் நனையக் கூடாது."

"ஏன், கரைஞ்சிடுவானா?"

"எங்க அம்மா இந்த வீட்டை வாடகைக்கு விட ஒத்துக்கிட்டதே ஒரு நிபந்தனையிலதான். எந்த மூலையிலயும் நின்னு தொழலாம், அவ்வளவு சுத்தமா இருக்கணும். நாய் காய்ஞ்சு இருந்தா பாதகமில்ல. ஈரமா வந்து பட்டுச்சுன்னா பட்ட இடம் தொழுகைக்கு ஆகாது. எங்க லாஹிஜான்ல மழை இல்லாத நாள் எது, சொல்லுங்க?" பெருமூச்சு விட்டான். "நேரம் பார்த்து அம்மாகிட்ட நானே பேசறேன். அதுவரைக்கும் வெளியே கூட்டிட்டுப் போறது, வர்றது எல்லாம் என் பொறுப்பு."

இதுவும் தாரோஃப்தான் என்று தரானே நினைத்தாள். நாளைக் காலையில் ஆளே இருக்க மாட்டான்.

காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. குடை, பழைய மழைக்கோட்டு, கையில் ஒரு துண்டு... சியாமக் நின்றான். பிஸ்தாவைக் கோட்டில் சுற்றினான், குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டான், தேயிலைச் செடிகளுக்கு நடுவே கூரை போட்ட கொட்டகைக்கு நடந்தான். குடை முழுக்க பிஸ்தாவுக்கு. அவன் முதுகு நனைந்துகொண்டே போனது. திரும்பி வந்து நான்கு பாதங்களையும் ஒவ்வொன்றாகத் துடைத்து, அறைக்குள் விட்டான்.

"நீங்க முழுக்க நனைஞ்சிட்டீங்க," என்றாள்.

"நான் நனைஞ்சா அம்மாவுக்கு ஆட்சேபணை இல்ல."

மாலையும் அதே. மறுநாளும் அதே. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, அப்படி ஒரு கவனத்தோடு தூக்கிப் போவான். நாய் என்றால் இவனுக்கு எவ்வளவு ஆசை... என்று தரானே ஜன்னலில் நின்று பார்த்தாள். பார்க்கத்தான் நின்றாள் என்பதை ஒப்புக்கொள்ள அவளுக்கு இன்னும் ஒரு நாள் ஆனது.

அந்த நாளில்தான் பிஸ்தா சாப்பிட்டான். சியாமக் கோழியை வேகவைத்து, குழைந்த சோற்றில் பிசைந்து கொண்டுவந்திருந்தான். தட்டைத் தரையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றான். பிஸ்தா முகர்ந்தான்... யோசித்தான்... நக்கினான்... பிறகு தட்டு தரையில் நகர நகரத் தின்றான். தரானே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"அழறீங்களா?"

"ஜலதோஷம்."

"உங்க பைக்கு வந்த மாதிரியா?"

அழுகையும் சிரிப்புமாக அவள் திரும்பியபோது, அவன் பார்த்துக்கொண்டிருந்தான். உடனே குடையை எடுத்து மடக்கினான். அது மடங்கித்தான் இருந்தது. பிரித்து, மறுபடி மடக்கினான்.

எவ்வளவு நல்லவன் இவன்... ஆனால் எல்லோரிடமும் இப்படித்தான் இருப்பானோ? 'சிரமமே இல்ல', 'உங்க வீடுதானே இது', 'உங்களுக்கு இல்லாததா'... வாயைத் திறந்தால் மரியாதை. அதில் ஒரு வார்த்தையாவது தனக்கென்று சொன்னதா, வருகிற விருந்தாளிக்கெல்லாம் சொல்வதா? அதைத் தெரிந்துகொள்ளாமல் ஊருக்குத் திரும்ப அவளால் முடியாது போலிருந்தது.

அம்மாவிடம் பேச சியாமக்குக்கு நேரம் மட்டும் வாய்க்கவே இல்லை. நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டே போனான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் இடி இடித்தது. வீடே அதிர்ந்தது. கட்டடம் இடிக்கிறார்கள் என்று நினைத்தானோ என்னவோ, படி ஏற மாட்டாத பிஸ்தா சாத்தாத கதவு வழியாகப் பாய்ந்தான். மழையில் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றினான். தோட்டத்தின் மறுகோடியில் இருந்த சியாமக் வீட்டின் திறந்த முன்கூடத்துக்குள் புகுந்து, அங்கே விரித்திருந்த மெத்தென்ற விரிப்பின் மேல் நின்று, உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பினான்.

அது சியாமக்கின் அம்மா எஸ்மத் கானுமின் தொழுகை விரிப்பு. கைகால் கழுவிக்கொண்டு, வெள்ளைச் சாதரைத் தலையோடு போர்த்திக்கொண்டு அவர் அப்போதுதான் வந்து நின்றார்.

பின்னாலேயே ஓடிவந்த தரானே வாசலில் நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் சியாமக்.

"இது யாரு?" என்றார் எஸ்மத் கானும்.

"அம்மா... அந்த வயசானவர்... இவர்தான்."

எஸ்மத் கானும் விரிப்பைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "தினமும் கேட்டேனே, பெரியவர் எப்படி இருக்கார்னு. இருமல் குறைஞ்சிருக்குன்னியே. சூப் வெச்சுக் கொடுத்தேனே."

"குடிச்சார்ம்மா."

"என்கிட்ட ஏன்டா சொல்லலை?"

சியாமக் தலை குனிந்தான். தரானேவுக்குத் தாங்கவில்லை. அவமானம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். இத்தனை நாளும் சொல்லவே இல்லையா இவன்? பிஸ்தாவைத் திருட்டுச் சாமான் மாதிரி ஒளித்தா வைத்திருந்தான்?

"தப்பு என்னுடையது, கானும்," என்றாள். "இவர் மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னார். நான் அதைப் பிடிச்சுக்கிட்டு வந்துட்டேன். பாவம், அவருக்கு மறுக்கத் தெரியலை. இப்பவே கிளம்பறேன்."

"நில்லு பொண்ணே. இந்த மழையில தினமும் இதை வெளியே யார் கூட்டிட்டுப் போனா?"

"இவர்தான். நனையக் கூடாதுன்னு தூக்கிட்டே போனார். காலையிலயும் சாயங்காலமும்."

எஸ்மத் கானும் மகனை நிமிர்ந்து பார்த்தார். இந்த முறை கோபம் இல்லை, ஆச்சரியம். "சியாமக்... நீயா? கையாலயா?"

அவன் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"இவன் ஏழு வயசுல நாய்கிட்ட கடி வாங்கினவன்ம்மா," என்றார் தரானேவிடம். "இன்னிக்கும் தெருமுனையில ஒரு நாய் படுத்திருந்தா ஊரைச் சுத்திக்கிட்டு வீட்டுக்கு வருவான். கடைக்காரங்க எல்லாம் கேலி பண்ணுவாங்க."

தரானே எண்ணிப் பார்த்தாள். திருப்பிய முகம்... கடித்த பல்... தட்டை வைத்துவிட்டுத் தள்ளி நின்ற அந்த இரண்டடி. அது ஆசை இல்லை, பயம். தினம் இரண்டு வேளை அந்தப் பயத்தை மார்போடு அணைத்து மழையில் நடந்திருக்கிறான். தனக்குத் தெரிந்த மனிதர்களில் இவ்வளவு தைரியசாலி வேறு யாரும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

எஸ்மத் கானும் விரிப்பின் காய்ந்த முனையைப் பிடித்துத் தூக்கி, முன்வாசல் கம்பியில் மழை நன்றாகப் படும்படி போட்டார்.

"எதுக்குக் கண்ணு கலங்கறே, பொண்ணே? பெய்யற மழை பட்டா சுத்தமாயிடும். ஆண்டவன் கொடுத்த வசதி, எனக்குத் துவைக்கிற வேலை மிச்சம்." பிஸ்தாவைப் பார்த்தார். "சூப் குடிச்சவரை இனிமே துரத்தவா முடியும்? நான் உள்ளறையில தொழறேன். தரையில காலடி பட்ட இடம் எல்லாம் தண்ணி விட்டுக் கழுவுங்க. ரெண்டு பேரும்தான் செஞ்சீங்க, ரெண்டு பேரும் கழுவுங்க. உன்கிட்ட அப்புறம் பேசிக்கறேன்டா."

உள்ளறைக் கதவு சாத்திக்கொண்டது.

இரண்டு வாளி, இரண்டு துணி. துண்டில் சுற்றிய பிஸ்தா மூலையில் படுத்திருந்தான். மழை வலுத்திருந்தது. இருவரும் முட்டி போட்டுத் தரையைத் துடைத்தார்கள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் தரானே. "தாரோஃப் இல்லாம பதில் சொல்லணும்."

"கேளுங்க."

"முந்தாநாள் நான் போட்ட டீ நல்லா இருக்குன்னீங்களே?"

"கொடுமையா இருந்தது."

"அப்போ பேசிக் காட்டின அணில் குரல்?"

"அது நிஜமாவே நல்லா இருந்தது. வாத்துதான் சுமார்."

"ஓ... அப்படியா?" துணியை வேகமாகப் பிழிந்தாள். "அம்மாகிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா, அனுப்பிடுன்னு சொல்லுவாங்களோன்னு பயம்."

"நாயைக் கண்டு பயப்படறவர் நாய் போயிடுமேன்னு பயந்தீங்களாக்கும்?"

சியாமக் துணியை வாளியில் போட்டுவிட்டு நிமிர்ந்தான். "நாளைக்குப் போகாதீங்கன்னு சொல்லத்தான் நாலு நாளா பார்க்கறேன். ஆனா போகாதீங்கன்னு இந்த ஊர்ல எல்லாரும் எல்லார்கிட்டயும் சொல்லுவாங்க. நீங்க எப்படி நம்புவீங்க? அதனால மரியாதை இல்லாம சொல்லிடறேன். வந்த அன்னிக்கு உங்க கார் எங்க ரோஜாச் செடி மேல ஏறிடுச்சு, அது இனிமே பிழைக்காது. உங்க பிஸ்தாவைத் தொடும்போது இப்பவும் எனக்குக் கை நடுங்குது, அது போகுமான்னு தெரியலை. ஆனா காலையில குடையை எடுக்கும்போது, நீங்க ஜன்னல்ல நிப்பீங்களான்னுதான் முதல்ல நினைப்பேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, தரானே. ரொம்பப் பிடிச்சிருக்கு."

யார் யாருக்கோ எத்தனையோ குரலில் பேசியவளுக்குத் தன் குரலைத் தேட வேண்டியிருந்தது. கிடைத்தபோது அது பாதிதான் வந்தது.

"எனக்கும்... உன்னைப் பிடிச்சிருக்கு."

'உன்னை' என்று சொல்லிவிட்டதை அவன் கவனித்தானா என்று பார்த்தாள். கவனித்திருந்தான். அவள் அவன் ஈரக் கையைப் பற்றி மூலைக்கு அழைத்துப் போய், பிஸ்தாவின் தலையில் வைத்து, அதன் மேல் தன் கையையும் வைத்தாள். அடியில் அவன் விரல்கள் நடுங்கின. அவள் எடுக்கவில்லை... மெல்ல மெல்ல நடுக்கம் குறைந்தது.

"தரையைக் கழுவியாச்சா?" உள்ளறையிலிருந்து எஸ்மத் கானும் கேட்டார்.

சியாமக் வாயைத் திறந்தான். தரானே முந்திக்கொண்டாள்.

"இன்னும் இல்லம்மா... நேரமாகும்."

தரை எப்போதோ சுத்தமாகியிருந்தது. அவள் காது சிவந்தது.