சீல் உடையாத பெட்டி

போன் அலறியது.

அச்சகத்தின் முதலாளியம்மா மை படிந்த விரலோடு எடுத்தாள்.

"மேடம், இன்ஸ்பெக்டர் பேசறேன். உங்களுக்கு மெஷின் வித்த டீலர் அவர் ஆபீஸ்லயே செத்துக் கிடக்கறார். பின்னந்தலையில அடி. கடைசியா உங்களுக்குத்தான் பேசியிருக்கார்."



"ஆமா சார்... இன்னிக்குக் காலையில 'ஒரு தப்பு பண்ணிட்டேன், நேர்ல வந்து சொல்றேன்'னார். அவ்வளவுதான்."

"அங்கேயே இருங்க. வர்றேன்."

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினால்...

வாசலில் ஒரு சஃபாரி சூட் ஆசாமி.

நேராக உள்ளே வந்தான். ஒரு பிராமிசரி நோட்டை மேஜையில் விரித்தான். மெஷினுக்காக அவள் டீலருக்கு எழுதிக் கொடுத்தது. பன்னிரண்டு லட்சம்.

"பத்து நாள் முன்னாடி டீலர்கிட்ட காசு குடுத்து இதை வாங்கினேன். இன்னிக்குத் தவணை. எடுங்க."

"டீலர் இறந்துட்டாராம்..."

"அடப்பாவமே. ஆனா நோட்டு சாகலையே."

ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்த வக்கீல் தங்கை நிமிர்ந்தாள். நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம், அதை ஆசாமிக்கு மாற்றிக் கொடுத்து டீலர் போட்ட கையெழுத்து.

"குடுத்துத்தான் ஆகணும்க்கா. டீலர் உன்னை ஏமாத்தியே இருந்தாலும், அது தெரியாம, தவணைக்கு முன்னாடி, நல்லெண்ணத்தோட காசு குடுத்து வாங்கினவரை ஒண்ணும் பண்ண முடியாது. சட்டம் இவர் பக்கம்."

"அச்சகத்தையே விக்கணுமேடி..."



ஆசாமி சிரித்தான். "தங்கச்சி விவரம். மெஷினுக்குப் பதிலா செங்கல் வந்துச்சுன்னு நாளைக்கு என்கிட்ட வந்து அழாதீங்க."

அக்கா மெல்லக் கேட்டாள்.

"செங்கல்லா?"

மூலையில் ஆளுயர மரப்பெட்டி. மெக்கானிக் வராமல் பிரித்தால் உத்தரவாதம் போய்விடும் என்று டீலர் சொல்லியிருந்தார். வந்து இருபது நாள். சீல் அப்படியே இருந்தது.

தங்கை கடப்பாரையை எடுத்தாள். ஒரு பலகை பெயர்ந்தது.

உள்ளே... செங்கல். வரிசை வரிசையாக.

"மூடின பெட்டிக்குள்ள என்னன்னு அடுக்கினவனுக்குத்தான் தெரியும்," என்றாள் தங்கை. "பெட்டி வந்து இருபது நாள், நீங்க நோட்டு வாங்கினது பத்து நாள் முன்னாடி. அப்போ நோட்டை வாங்கும்போதே உங்களுக்கு மோசடி தெரியும். நல்லெண்ணம் காலி. இந்தப் பேப்பர் இனி பல் குத்தக்கூட உதவாது."

"எவன் வந்து சாட்சி சொல்லுவான்?"

"சொல்றதுக்கு ஒரே ஆள்தான் இருந்தார். இன்னிக்குக் காலையில சொல்லவும் கிளம்பினார்... அதுக்குள்ள தலையில அடி."

ஆசாமி நோட்டைப் பிடுங்கிக்கொண்டான். வாசலை நோக்கிப் பாய்ந்தான். குறுக்கே இன்ஸ்பெக்டர்.

"வெளியில நிக்கற கார் உங்களதா சார்? பின்சீட்டுல ஒரு செங்கல் கிடக்கு. ரத்தம் இன்னும் சரியா காயல."

விலங்கு மாட்டும்போது ஆசாமி நோட்டைத் தங்கையிடம் நீட்டினான்.

"இதை நீங்களே வெச்சுக்குங்கம்மா. எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"நோட்டுன்னா பின்பக்கம் ஒரு கையெழுத்தப் போட்டு அடுத்தவன் தலையில கட்டிடலாம் சார்," என்றாள் அவள். "கொலைக்குப் பின்பக்கம் கிடையாது."