திட்டு வாங்கிய திருகாணிகள்

அந்த வீட்டில் அப்பா சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வருவார், இரண்டு வாய் சாப்பிடுவார், மறுபடியும் போய்ப் படுத்துக்கொள்வார். முகம் மட்டும் சுவர்ப் பக்கமே இருக்கும்.

அவர் வேன் ஓட்டுநராக இருந்தவர். ஒரு விபத்தில் வலது மணிக்கட்டு முறிந்துபோனது. எலும்பு கூடிவிட்டது, பிடிமானம் மட்டும் திரும்பி வரவில்லை. தண்ணீர்ச் செம்பைத் தூக்கினால்கூடக் கை நடுங்கும். அவர் ஓட்டிய வேனை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். தெருவில் அதன் ஹாரன் கேட்டால் அப்பா போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வார்.

ஒருநாள் அம்மாவின் நச்சரிப்புத் தாங்காமல், உடைந்த வாளி ஒன்றைப் பழைய இரும்புக்காரரிடம் போட அவர் வாசலுக்குப் போனார். வாளியைப் போட்டுவிட்டு, அவருடைய தள்ளுவண்டியில் கிடந்த ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு திரும்பினார். சீட்டு கிழிந்து பஞ்சு தொங்கியது. சக்கரம் இரண்டும் கோணல். சைலன்சருக்குள் ஏதோ ஒரு பறவை கூடு கட்டிவிட்டுப் போயிருந்தது.

"வாளியைக் கொடுத்துட்டு வண்டியா? அண்டாவைக் கொடுத்திருந்தா லாரியே வந்திருக்கும் போல" என்றார் மாமா. அம்மாவின் தம்பி அவர். ராத்திரியெல்லாம் ஒரு கிடங்குக்குக் காவல், பகலெல்லாம் கூடத்தில் குறட்டை.

அம்மா அவரைக் கண்ணாலேயே அடக்கினாள். அப்பா வாசலில் நின்று ஒரு மனிதரோடு பேசி எவ்வளவு காலம் ஆயிற்று என்பது அவளுக்குத்தானே தெரியும்.

கொல்லையில் இருந்த தகரக் கொட்டகைதான் பட்டறை ஆனது. அப்பா மெல்ல மெல்ல வண்டியைப் பிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்து வெளிச்சம் பிடிப்பது மகளின் வேலை. அதனாலேயே அவளுக்கு "டார்ச்சு" என்று பேர் வந்தது. அம்மாகூட, "டார்ச்சு, சாப்பிட வா" என்றுதான் கூப்பிட்டாள்.

நடுங்கும் கைக்குத் துரு பிடித்த திருகாணி அவ்வளவு சுலபமாக மசியுமா? ஒவ்வொன்றும் அடம் பிடித்தது. ஒவ்வொன்றையும் அப்பா திட்டித் திட்டித்தான் கழற்றினார். நகராத ஒன்றை, "உங்க மாமா மாதிரி, எழுப்பினா எழும்புறானா பாரு" என்றார். சத்தம் போடாமல் நழுவி இன்ஜினுக்குள் விழுந்து தேடவைத்த வளையத்துக்கு ஊமைக்குசும்பன் என்று பட்டம். இன்னொரு வளையம் விளிம்பு நெளிந்து எண்ணெய் ஒழுகியது. அதை அழுமூஞ்சி என்றார். ஒன்றோடொன்று உரசித் தேய்ந்துபோன இரண்டு பல்சக்கரங்களைச் சம்பந்திகள் என்றார். டார்ச்சு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். வெளிச்சம் ஆடும். உடனே அவளுக்கும் ஒரு திட்டு விழும்.

கழற்றியதையெல்லாம் அப்பா ஒரு பழைய போர்வையில், கழற்றிய வரிசையிலேயே வைத்துக்கொண்டே போனார்.

அன்றைக்கு அப்பாவும் அம்மாவும் கையைக் காட்ட மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். டார்ச்சுக்கு ஒரு யோசனை தோன்றியது. அப்பா திரும்பி வரும்போது ஆச்சரியப்பட வேண்டும். போர்வையில் கிடந்த அத்தனையையும் அள்ளி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டாள். பழைய பல் துலக்கும் பிரஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். பெரியதைப் பெரியதோடும் சின்னதைச் சின்னதோடும் சேர்த்து டப்பாக்களில் போட்டாள். வளையங்களை அளவு பார்த்து ஒரு நூலில் மாலை மாதிரிக் கோத்தாள். எண்ணெய்க் கறை படிந்த போர்வையையும் துவைத்துக் கொடியில் போட்டாள். எல்லாம் புதுப் பாத்திரம் போல மின்னின.

அப்பா வந்தார். டப்பாக்களைப் பார்த்தார். கொடியில் காயும் போர்வையைப் பார்த்தார். அந்த மாலையைக் கையில் எடுத்து, வளையங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"நல்லா தேய்ச்சிருக்கம்மா" என்றார். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. பிறகு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

டார்ச்சுக்கு ஒன்றும் புரியவில்லை. மாமாதான் கொட்டாவி விட்டபடி விளக்கினார். "ஊர்ல உள்ளவங்க பல்லையெல்லாம் புடுங்கி, பளபளன்னு தேய்ச்சு, அளவு வாரியா அடுக்கி வச்சா எப்படி இருக்கும்? எந்தப் பல்லு எந்த வாய்க்குன்னு யாருக்குத் தெரியும்?" அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும், தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

அவள் அழவில்லை. அழுதாலாவது தேவலை என்று அம்மாவுக்குத் தோன்றியது. அப்பா ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். துருப் பிடித்த திருகாணிக்கெல்லாம் வாய் நிறையத் திட்டு கிடைத்தது. அவளுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

அம்மா தெருமுனை மெக்கானிக்கை அழைத்து வந்தாள். அவர் குனிந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார். இந்த மாதிரி வண்டியைத் தான் பிரித்ததே இல்லை என்றார். கியருக்கு நடுவில் ஒரு வளையம் இடம் மாறினாலும் மொத்தமும் இறுகிப்போகும், தனக்கு எதற்கு வம்பு என்று கழன்றுகொண்டார்.

அது உள்ளே கேட்டிருக்க வேண்டும். இரும்புக்காரரை வரச் சொல்லிவிடு, அள்ளிக்கொண்டு போகட்டும் என்று அப்பா சுவரிடம் சொன்னார்.  மாமா போய்ச் சொல்லிவிட்டு வந்தார். வந்தவர் அன்றைக்கு ஒரு கேலியும் பேசவில்லை.

மறுநாள் டார்ச்சு கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். வண்டி போய்விடும். பிறகு அப்பா எதற்காக எழுந்து வருவார்? அவளால் அதற்குமேல் யோசிக்க முடியவில்லை. 

அப்படியே மாலையின் நூலை அவிழ்த்தாள். வளையங்கள் மடியில் கொட்டின. ஒன்றன் விளிம்பு லேசாக நெளிந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவள் வாய் தானாகவே, "அழுமூஞ்சி" என்றது.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அழுமூஞ்சிக்கு முன்னால் யார் திட்டு வாங்கினது? ஊமைக்குசும்பன். அதைத் தேடும்போதுதானே டார்ச் அணைந்துபோய், "நீயுமா?" என்று அவளும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதற்கும் முன்னால்? மாமா. போர்வையின் வரிசை கலைந்துவிட்டது. ஆனால் திட்டின் வரிசை அவள் காதுக்குள் அப்படியே இருந்தது.

போர்வையை எடுத்து வந்து விரித்தாள். முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாக வைத்தாள். சம்பந்திகள் வரைக்கும் தட்டாமல் வந்துவிட்டது. அங்கே மூன்று வளையங்கள் மிஞ்சின. மூன்றும் ஒரே அச்சு. அவற்றுக்கு அப்பா என்ன சொன்னார் என்பது மட்டும் குழம்பிப்போயிற்று.

அவள் அறை வாசலில் போய் நின்றாள். அப்பாவின் முதுகு தெரிந்தது. எழுந்து வாருங்கள் என்று கூப்பிட அவளுக்குத் தைரியம் இல்லை. தெரிந்ததை மட்டும் பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள்.

"மாமா, ஊமைக்குசும்பன், அழுமூஞ்சி. அதுக்கப்புறம் பெரிய சம்பந்தி. அதுக்கப்புறம் சின்ன சம்பந்தி."

 கூடத்திலிருந்து மாமாதான் தூக்கக் கலக்கத்தில், "என்னை எதுக்கு இந்த லிஸ்ட்ல சேர்க்கற?" என்று கேட்டார்.

டார்ச்சு மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். 

"இடையில ஒருத்தன் இருக்கான்" என்றார் அப்பா, சுவரைப் பார்த்தபடியே. "சம்பந்திங்களை ஒட்டி உக்கார வச்சா சண்டை வராதா? நடுவுல ஒரு ஒல்லிக்குச்சி."

"மூணும் ஒல்லியாத்தான்பா இருக்கு."

 அவள் திரும்பிப் போகக் காலெடுத்து வைத்தபோது கட்டில் கிரீச்சிட்டது.

அப்பா கொட்டகைக்கு வந்தார். மூன்று வளையங்களையும் விரல்களுக்கு நடுவில் வைத்துத் தடவினார். நடுங்கிய விரல்களுக்கும் தடிமன் தெரிந்தது. ஒன்றை எடுத்துச் சம்பந்திகளுக்கு நடுவில் வைத்தார். அடுத்து யார் என்று அவளைக் கேட்டார். அவள் வசவைச் சொன்னாள். வசவைக் கேட்டதும் அவருக்கு இடம் நினைவுக்கு வந்தது.

இரும்புக்காரர் தள்ளுவண்டியோடு வந்தபோது இருவரும் தலையைக் குனிந்து திட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தன்னைத்தான் திட்டுகிறார்களோ என்ற சந்தேகத்தோடு போய்விட்டார்.

பூட்டி முடிக்கப் பல நாள் ஆயிற்று. இறுக்க வேண்டியதை மாமா இறுக்கினார். தன் பேர் கொண்ட திருகாணியை மட்டும் மூன்று தடவை இறுக்கினார்.

கடைசியில் அப்பா காலால் உதைத்தார். வண்டி இருமக்கூட இல்லை. மறுபடி உதைத்தார். மாமா உதைத்தார். அம்மாகூட ஒரு தடவை உதைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

அப்போதுதான் டார்ச்சு பார்த்தாள். போர்வையின் மடிப்பில், பட்டாணி அளவில், ஒரு சின்ன வளையம்.

 அப்பா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள், தான் படுத்துக் கிடந்த அறைப் பக்கம் பார்த்தார். 

"இவனை என்னன்னு திட்டினேன்?" என்று கேட்டார்.

"எதுவுமே சொல்லலப்பா. தானாவே வந்திருக்கும்."

"அதான் அய்யா வெளியிலயே நின்னுட்டார்."

திரும்ப முழுக்கப் பிரிக்க வேண்டும். மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா ஸ்பானரை எடுத்து முதல் திருகாணியில் மாட்டித் திருப்பினார். அது அசையவில்லை. கை நடுங்கியது. மறுபடி திருப்பினார். அசையவில்லை.

டார்ச்சு காதைத் தீட்டிக்கொண்டாள். இது புதுத் திட்டாக இருக்கும். நினைவில் வைக்க வேண்டும்.

"இவனைப் பாரேன்" என்றார் அப்பா. "உங்கப்பன் மாதிரி, சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டான். எந்திரிடா."

அம்மாதான் முதலில் சிரித்தாள்.